மரை தெரிந்த கை

மன்னார்குடிப் பக்கம் ஓர் அரிசி ஆலையின் பின்கட்டில், தவிட்டு மூட்டைகளுக்கு நடுவே நின்றிருந்த புல்லட்தான் நான் முதலில் வாங்கிய பழைய வண்டி. 1968இல் பதிவானது. ஆலைக்காரர் காலமாகிச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. "காயலான் கடைக்குப் போடுறதுக்கு முன்னாடி, ஓட்டணும்னு யாராச்சும் கேட்டா குடுத்துடுங்கன்னு அம்மா சொல்லிட்டாங்க" என்றார் மூத்த மகன். கிக்கரை மிதித்துப் பார்த்தேன். அசையவில்லை. உள்ளே பிஸ்டன் இறுகிப்போயிருந்தது. தொண்ணூறுகளின் கடைசியில் ஓடாத புல்லட்டுக்கு இன்றைய மவுசு கிடையாது. பேரம் அதிக நேரம் நடக்கவில்லை.

அந்த வண்டியில் கம்பெனி கொடுத்தது பாதி என்றால் ஆலைக்காரர் சேர்த்தது மீதிப் பாதி. நெல் மூட்டை ஏற்ற ஆங்கிள் இரும்பில் அடித்த கேரியர். அவர் மனைவி பின்னால் உட்கார்ந்து போக, ஊர்க் கொல்லர் வளைத்துக் கொடுத்த சேலைக் கம்பி. பின் மட்கார்டின் நுனியில், சேறு தெறிக்காமலிருக்க, ஆலையில் தேய்ந்து கழித்த பெல்ட்டிலிருந்து வெட்டிய ஒரு பட்டை இரண்டு ரிவெட்டில் தொங்கியது. லாரியில் ஏற்றி ராயப்பேட்டையில் மெக்கானிக் பாயின் பட்டறைக்குக் கொண்டுவந்து இறக்கினேன். பாய் சுற்றிச் சுற்றி வந்தார். ஸ்பானரைத் தொடவே இல்லை.

"இன்னைக்கு எதையும் கழட்டாத தம்பி. உக்காந்து பாரு. எங்க தப்பான போல்ட் இருக்கோ, அங்க வண்டி அடிபட்டிருக்குன்னு அர்த்தம்."

அன்று மாலை முழுவதும் பார்த்தோம். இடது பக்க ஃபுட்ரெஸ்ட் உள்வாங்கியிருந்தது, இடப்புறமாக விழுந்திருக்கிறது. செயின் அட்ஜஸ்டர் கடைசிப் பல்லில் நின்றது. பாரம் அதிகம், செயினை மாற்றாமல் இழுத்து இழுத்தே ஓட்டியிருக்கிறார்கள். சிலிண்டர் ஹெட்டில் ஒரு நட்டு மட்டும் மற்றவற்றோடு சேராமல் பளபளப்பாக இருந்தது. பாய் அதைக் காட்டி, "இதுதான் நமக்கு வேலை வைக்கப்போவுது" என்றார். அப்படியே ஆனது.

அந்த நட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பழைய வண்டியைத் தொடுகிறவர் முதலில் கற்க வேண்டியது எஞ்சினை அல்ல, மரையை. ராயல் என்ஃபீல்டு இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரின் கம்பெனி. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு கூட்டுச் சேர்ந்து திருவொற்றியூரில் புல்லட் கட்டத் தொடங்கினார்கள். முதலில் பாகங்கள் கப்பலில் வந்தன, இங்கே பூட்டினார்கள். அறுபதுகளின் தொடக்கத்துக்குள் எல்லாப் பாகமும் இங்கேயே வார்க்கும் நிலை வந்துவிட்டது. வண்டியோடு ஆங்கிலேய மரையும் வந்து சேர்ந்தது. ஜோசப் விட்வொர்த் 1841இல் வகுத்த மரைக்குக் கோணம் 55 பாகை. சைக்கிள் மரை என்று சொல்வது வேறு: அங்குலத்துக்கு 26 சுற்று, 60 பாகை. சைக்கிள் மரை போட்ட 5/16 அங்குல போல்ட்டின் பருமன் 7.94 மில்லிமீட்டர். நாம் கடையில் வாங்கும் 8 மில்லிமீட்டர் நட்டு அதில் முதல் ஓரிரு சுற்று அழகாக ஏறும். பிறகு இறுகும். அவசரக்காரர் ஸ்பானரை நீளமாகப் பிடித்து அழுத்துவார். அதுவும் ஏறும், ஆனால் இரண்டு மரையும் ஒன்றையொன்று தின்றுவிடும். மில்லிமீட்டர் மரையின் படி 1.25, சைக்கிள் மரையின் படி ஏறக்குறைய 0.98. எப்படி ஒத்துப்போகும்? ஹெட்டின் அந்தப் பளபளப்பு நட்டும் இப்படி ஏற்றியதுதான்.

ஸ்பானரிலும் இதே சங்கடம். விட்வொர்த் ஸ்பானரில் எழுதியிருக்கும் எண் போல்ட்டின் தண்டுக்கு உரியது, தலையின் அகலத்துக்கு அல்ல. கிட்டத்தட்டப் பொருந்தும் மில்லிமீட்டர் ஸ்பானரைப் போட்டால் நட்டின் மூலைகள் உருண்டுவிடும். பழைய புல்லட்டுகளில் மூலை மழுங்கிய நட்டுகள் இத்தனை இருப்பதற்குக் காரணம் வயது அல்ல, பொருந்தாத ஸ்பானர்.

பாயிடம் அவர் அப்பா விட்டுப்போன டேப் செட் ஒன்று இருந்தது. ஹெட்டின் ஸ்டட்டை வெளியே எடுத்து, லேத்தில் புதிது கடைந்து, 26 சுற்று மரை போட்டு, திரும்பப் பூட்டினோம். ஒரு நட்டுக்காக அவ்வளவு நாள் செலவிட்டதைப் பார்த்து பக்கத்து டீக்கடைக்காரர் சிரித்தார். எனக்கு அந்த வேலையில்தான் இந்தப் பைத்தியம் பிடித்தது. யாரோ ஒருவர் வலுக்கட்டாயமாகச் செய்ததை, வலுக்கட்டாயம் இல்லாமல் திருத்துவதில் ஒரு நிறைவு இருக்கிறது. அது வேறு எந்த வேலையிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

இறுகிய பிஸ்டனையும் பாய் அப்படித்தான் விடுவித்தார். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, டீசலும் மண்ணெண்ணெயும் கலந்து சிலிண்டருக்குள் ஊற்றி, மறந்துவிட்டதுபோல வேறு வண்டிகளைப் பார்க்கப் போய்விட்டார். தினமும் காலையில் வண்டியை டாப் கியரில் போட்டு, பின் சக்கரத்தை இரு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் மெல்ல ஆட்டுவார். சுத்தியல் எடுக்க நான் கேட்டபோதெல்லாம் வேண்டாம் என்று தலையாட்டினார். ஒரு காலையில் சக்கரம் அரை அங்குலம் கூடுதலாகப் போனது. பட்டறையில் இருந்த பையன்கள் எல்லோரும் கூடிவிட்டார்கள்.

புல்லட் 350இன் துளை 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90. அகலத்தைவிட நீளம் அதிகம். அந்த நிதானமான டுப்டுப் ஓசைக்கு இதுவும் ஒரு காரணம், கனமான ஃப்ளைவீல் இன்னொன்று. சிலிண்டரைத் திறந்து, மேல், நடு, கீழ் என்று மூன்று இடத்தில், குறுக்கும் நெடுக்குமாக அளந்தோம். தேய்மானம் எப்போதும் மேலே, ரிங் திரும்பும் இடத்தில்தான் அதிகம். அரை மில்லிமீட்டர் பெரிய பிஸ்டன் வாங்கி, அதற்குத் தக்கபடி போரிங் போட்டு, உட்சுவரில் எண்ணெய் தங்குவதற்காகக் குறுக்குக் கோடுகள் விழும்படி ஹோனிங் செய்தோம். கிராங்க்கைப் பிரித்து மாட்டியவர் லேத் ஓட்டும் அண்ணன். இரண்டு ஃப்ளைவீலையும் சென்டரில் நிறுத்தி, டயல் கேஜ் முள்ளைப் பார்த்துக்கொண்டே செம்புச் சுத்தியலால் ஒரு தட்டு, மறுபடி சுற்றிப் பார்ப்பது, மறுபடி ஒரு தட்டு. முள் ஏறக்குறைய அசையாத நிலை வரும்வரை அவர் யாரிடமும் பேசுவதில்லை.

உதிரி தேடி புதுப்பேட்டைக்குப் போனதை நினைத்தால் இப்போதும் கால் அந்தப் பக்கம் இழுக்கிறது. எழும்பூரை ஒட்டி, கூவம் கரையில், ஆதித்தனார் சாலையிலிருந்து பிரியும் சந்துகளில் பிரித்த வண்டிகளின் பாகங்கள் கூரை வரை தொங்கும். கடைக்காரர் நீட்டிய பொருளைப் பாய் வாங்கி விரலால் தடவிப் பார்த்தே, "இது எண்பத்தஞ்சுக்கு மேல வந்த வண்டியோடது, உன்துல ஒக்காரும், ஆனா உன்தில்ல" என்பார். 'ஒக்காரும், ஆனா உன்தில்ல' என்ற அந்தப் பேச்சு புல்லட்டுக்கு மட்டுமே உரியது. ரெட்டிச்சில் 1956க்குப் பிறகு வண்டியை மாற்றிக்கொண்டே போனார்கள். 1967இல் அந்த ஆலையையே மூடிவிட்டார்கள். திருவொற்றியூர் மட்டும் 1955இன் வடிவத்தை விடாமல் பிடித்துக்கொண்டது. அதனால் முப்பது வருடம் பிந்திய வண்டியின் பாகம்கூட என் வண்டியில் பெரும்பாலும் பொருந்தியது. இது வரமும்தான், ஆபத்தும்தான். எல்லாமே பொருந்துவதால், ஒவ்வொரு பாகமாக மாற்றிக்கொண்டே போய், ஒரு நாள் பார்த்தால் 1968 என்று சொல்ல எண் பலகை மட்டும் மிஞ்சியிருக்கும். மாற்றிய ஒவ்வொரு பழைய பாகத்தையும் எண்ணெய்த்தாளில் சுற்றி, எந்த இடத்தில் இருந்தது என்று எழுதி வைக்கும் பழக்கம் அங்கேதான் எனக்கு வந்தது.

டேங்க்கில் மேலே சிவப்பு இருந்தது. யாரோ ஆயுத பூஜைக்கு முந்தைய நாள் அடித்ததுபோல அவசரமான சிவப்பு. தண்ணீர் தொட்டு எமரித் தாளால் தேய்த்தேன். சிவப்புக்குக் கீழே ஒரு பழுப்பு, அதற்குக் கீழே கறுப்பு. முழங்கால் ரப்பருக்குப் பக்கத்தில் கறுப்பின் மேல் மெல்லிய மஞ்சள் தெரிந்தபோது கையை நிறுத்திவிட்டேன். கம்பெனியில் கையால் இழுத்த தங்கக் கோடு. ஸ்டிக்கர் அல்ல. திருவொற்றியூரில் டேங்க்கின் கோடுகளைத் தூரிகையால் ஒரே இழுப்பில் போடுவார்கள். அந்த வழக்கம் பல பத்தாண்டுகள் தொடர்ந்தது. கோடு முழுவதும் மிஞ்சவில்லை, வளைவில் ஒரு சாண் நீளம்தான்.

மீதியைப் போட ஆள் வேண்டும். அது ஃபிளெக்ஸ் பேனர்கள் வந்து, கடைப் பலகை எழுதும் ஓவியர்கள் வேலையிழந்துகொண்டிருந்த காலம். சினிமாத் தட்டிகளிலும் லாரிகளின் பின்பக்கத்திலும் எழுதிய கைகள் வீட்டுக்குச் சுண்ணாம்படிக்கப் போயின. திருவல்லிக்கேணியில் அப்படி ஒருவரைத் தேடிப்பிடித்தேன். அணில் முடித் தூரிகையைத் துணியில் சுற்றி டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தார். "கோடு போடறதுக்குக் கூப்பிட்டு எவ்ளோ நாளாச்சு சார்" என்றார். பட்டறைக்கு வந்து, முதலில் அந்தப் பழைய கோட்டைத்தான் வெகுநேரம் பார்த்தார். எங்கே ஆரம்பித்திருக்கிறான், எங்கே மூச்சை விட்டிருக்கிறான் என்று விரலால் காற்றில் போட்டுப் பார்த்தார். பிறகு சுண்டு விரலை டேங்க்கின் விளிம்பில் ஊன்றி, அதையே ரூல்தடியாக வைத்துக்கொண்டு, உடம்போடு சேர்ந்து நகர்ந்து ஒரே இழுப்பு. வளைவில் பழைய சாண் நீளத்தைத் தொட்ட இடத்தில் அவர் தூரிகையை எடுத்துவிட்டார். அதன் மேல் பூசவில்லை. நான் சொல்லாமலே. இன்றும் உற்றுப் பார்த்தால் இரண்டு கைகளும் தனித்தனியே தெரியும். அதைச் சரிசெய்யலாமே என்று வண்டியைக் காட்சிக்கு வைத்த இடங்களில் பலர் சொன்னதுண்டு. அது சரியாகத்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

குரோம் விஷயத்தில் நான் கொஞ்சம் கறாரானவன். பழைய வண்டி என்றால் கண்ணாடியாய் மின்ன வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். முலாம் பூசுவதற்கு முன் பழையதை உரித்து, இரும்பைத் தேய்த்துத் தேய்த்து பாலிஷ் போடுவார்கள். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் உலோகம் போகும், ஓரங்கள் மழுங்கும், பொறித்த எழுத்து இருந்தால் அழியும். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. முலாம் தொட்டியில் இருக்கும் ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோய் தரும் நஞ்சு. ராணிப்பேட்டையில் மூடிய குரோமேட் ஆலை விட்டுச்சென்ற கழிவுக் குவியல் அந்த ஊரின் நிலத்தடி நீரை என்ன செய்தது என்று கண்ணால் பார்த்தவன் நான். கையுறைகூட இல்லாமல் தொட்டியில் கை விட்டு எடுக்கும் பையனைப் பார்த்த பிறகு, ஹேண்டில்பாரில் நாலு புள்ளி துரு இருந்தால் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். எண்ணெய் தொட்டுத் துடைத்தால் அது அதற்கு மேல் பரவாது.

வண்டி ஓடத் தொடங்கிய பிறகு இளைஞர்கள் பட்டறைக்கு வர ஆரம்பித்தார்கள். பெரும்பாலானவர்களுக்கு வேண்டியிருந்தது மீட்பு அல்ல, மாற்றம். பாபர், கஃபே ரேசர், ஸ்க்ராம்ப்ளர் என்று படங்களோடு வருவார்கள். கஃபே ரேசர் மேல் எனக்கு வெறுப்பு கிடையாது. லண்டனில் ஏஸ் கஃபே போன்ற இடங்களில் ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் தொழிலாளிப் பையன்கள் தங்கள் வண்டிகளை வேகத்துக்காகத் திருத்தியதில் பிறந்த வடிவம் அது. ராயல் என்ஃபீல்டே அறுபதுகளின் நடுவில் அதைப் பார்த்து கான்டினென்டல் ஜிடி என்ற 250 சிசி வண்டியை விட்டது. தாழ்ந்த ஹேண்டில்பார் வேகமாகப் போகிறவனுக்குக் காற்றைக் குறைத்தது; அங்கே வடிவத்துக்குக் காரணம் இருந்தது. ஐப்பசி மழையில் மட்கார்டு இல்லாத வண்டியில் வேளச்சேரியைக் கடப்பதற்கு எந்தக் காரணமும் இல்லை.

அப்படி ஒரு பையன் தன் தாத்தாவின் புல்லட்டோடு வந்தான். வேறொரு பட்டறையில் சீட்டுக்குக் கீழே இருக்கும் பின் ஃபிரேமையே வெட்டிக் குட்டையாக்கியிருந்தார்கள். பாட்டி பார்த்துவிட்டு ஒரு வார்த்தை பேசவில்லையாம். "பழையபடி ஆக்க முடியுமா சார்?" என்றான். முடிந்தது, ஆனால் லேசில் அல்ல. நசுங்கிய வேறொரு வண்டியின் பின்பகுதியை வாங்கி, குழாய்க்குள் உள்குழாய் செருகிப் பற்றவைத்து, இரண்டு சக்கரமும் ஒரே கோட்டில் நிற்கிறதா என்று நூல் பிடித்துப் பார்த்து, கோட்டம் எடுத்து முடிப்பதற்குள் ஒரு மழைக்காலம் போனது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019இல் அதை உறுதி செய்தது. சட்டம் இருக்கட்டும். ஸ்பானரால் மாற்றியதை ஸ்பானரால் திருப்பலாம். கட்டிங் வீல் வைத்ததைத் திருப்ப முடியாது என்பதே என் வாதம். நூற்றில் ஒருவர் கேட்கிறார்.

நானே மாற்றிய வண்டிகளும் உண்டு. ஆறு வோல்ட் விளக்கில் இரவு நெடுஞ்சாலையில் போவது எதிரே வருகிறவருக்கும் ஆபத்து. பன்னிரண்டு வோல்ட்டுக்கு மாற்றினேன், வயரிங்கை வெட்டாமல். அதைவிட எனக்குப் பிரியமான மாற்றம் அத்தானுக்குச் செய்தது. லாரி மோதியதில் அவருடைய இடது கணுக்கால் அசையாமல் போய்விட்டது. கியர் வைத்த இன்றைய எந்த பைக்கையும் அவரால் ஓட்ட முடியாது. கியர் இடது காலில். பழைய புல்லட்டில் கியர் வலது காலில், மேலே ஒன்று, கீழே மூன்று. நியூட்ரலுக்குத் தனியாக ஒரு குட்டி லீவர், குதிகாலால் தட்டினால் போதும். இடது காலுக்கு இருப்பது பின் பிரேக் மட்டும். கணுக்காலை மடக்காமல் முழுக் காலையும் இறக்கி மிதிக்கிற மாதிரி, குதிகாலுக்கும் பலகை வைத்த நீளமான பெடல் ஒன்றைக் கொல்லரிடம் அடித்து வாங்கிப் பூட்டினோம். இத்தகைய மாற்றத்துக்கு, அனுமதி வாங்கிச் செய்தால், சட்டத்திலேயே இடம் உண்டு. அத்தான் அன்று மாலை கடற்கரைச் சாலையில் போனவர் இருட்டின பிறகுதான் திரும்பினார். அக்கா வாசலிலேயே நின்றிருந்தாள்.

அந்தப் பெடலைப் பார்த்த பிறகு ஆலைக்காரரின் சேலைக் கம்பியை என்னால் வேறு கண்ணால் பார்க்க முடியவில்லை. அதுவும் ஒருவர் காலுக்காக ஒரு கொல்லர் அடித்ததுதானே. பாய் அன்றே சொன்னார், "அது அந்த அம்மாவோடது, அத எடுக்க நமக்கு என்ன உரிமை?" என்று. கம்பி, கேரியர், பெல்ட் பட்டை மூன்றும் இன்றும் வண்டியில் இருக்கின்றன. 2021இல் மத்திய அரசு ஐம்பது ஆண்டு தாண்டிய, பெரிய மாற்றம் இல்லாத வண்டிகளுக்கு 'விஏ' என்ற தனி எண் வரிசை கொண்டுவந்தது. கட்டணம் 20,000 ரூபாய், பத்து ஆண்டுக்குச் செல்லும். நண்பர்கள் வாங்கச் சொன்னார்கள். அந்த எண் வாங்கிய வண்டியை அன்றாடம் சாலையில் ஓட்டக் கூடாது. காட்சிக்கும், எரிபொருள் போடவும், பழுது பார்க்கவும் வெளியே எடுக்கலாம். நான் வாங்கவில்லை. காய்கறி வாங்கப் போகாத வண்டியை என்ன செய்வது?

இந்த ஆண்டு பட்டறைக்கு ஒரு கல்லூரி மாணவி தன் தாத்தாவின் ஜாவா 250ஐத் தள்ளிக்கொண்டு வந்தாள். மைசூரில் ஐடியல் ஜாவா 1961 முதல் செய்த வண்டி. எழுபதுகளில் யெஸ்டி என்று பெயர் மாறி, 1996இல் ஆலை மூடியது. ஒரே லீவர்தான் கிக்கரும் கியரும். அதை அவளுக்குக் காட்டியபோது, உள்ளே அமுக்கித் திருப்புவதும் வெளியே இழுப்பதுமாக வெகுநேரம் அதையே செய்துகொண்டிருந்தாள். வண்டி வெள்ளைப் புகையாகக் கக்கியது. இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் பெட்ரோலும் காற்றும் முதலில் கிராங்க் அறைக்குள்தான் அமுங்குகின்றன. அந்த அறையின் சீல் தேய்ந்தால் பக்கத்து கிளட்ச் அறையிலிருந்து எண்ணெயை உறிஞ்சி எரிக்கும். வேலை பெரியது, ஆனால் கற்க நல்ல வேலை. அவளையே பிரிக்கச் சொன்னேன்.

டேங்க்கில் நீல எனாமல், வீட்டு ஜன்னலுக்கு அடிக்கிற பெயிண்ட். தாத்தா ஒரு பொங்கலுக்குத் தன் கையாலேயே அடித்தாராம். கீழே கம்பெனியின் மெரூன் இருக்கும். "சுரண்டிப் பாக்கலாமா சார்?" என்று முதல் நாள் கேட்டாள். வண்டி ஓடட்டும், பிறகு முடிவு செய்யலாம் என்றேன். இப்போது சீல்கள் வந்துவிட்டன. சனிக்கிழமை கிராங்க் கேஸ் பூட்டுகிறோம். நீலத்தைப் பற்றி அவள் அப்புறம் கேட்கவில்லை.